டார்ச் லைட் கையில் இருக்கட்டும், மின்சாரம் எங்கே?

“கரண்ட் போனால் போகட்டுமே! சக்தி வாய்ந்த டார்ச் லைட் ஒன்று வாங்கிக்கொள். கூரையைப் பார்த்து நிமிர்த்தி வை. அறை முழுவதும் பட்டப்பகல்!”

இப்படி ஒரு உபதேசம் ஊர் முழுவதும் உலா வருகிறது. கடைக்காரர் சொல்கிறார். மாடி வீட்டுக் கனவான் சொல்கிறார். மின்வெட்டைப் பற்றி மனுக் கொடுக்கப் போனால், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் சிரித்துக்கொண்டே இதையேதான் சொல்கிறார். கேட்டுக் கேட்டு நம் தோழர்களில் சிலரும், “ஆமாம், ஒரு டார்ச் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தொல்லை தீர்ந்ததா? யாருக்குத் தீர்ந்தது? யாருடைய காசில் தீர்ந்தது? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், இந்த உபதேசத்தின் சாயம் வெளுத்துவிடும்.

உபதேசத்தில் உள்ள உண்மை

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். டார்ச் லைட்டின் மீது நமக்கு ஒரு விரோதமும் இல்லை. நடுச்சாமத்தில் மடையைத் திருப்பப் போகிற கூலி விவசாயிக்கு அது உயிர்க் காவல். வரப்பில் கிடக்கும் பாம்பை அதுதான் காட்டுகிறது. இரவு ஷிப்டு முடிந்து விளக்கில்லாத பாதையில் வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கு அது துணை.

அதைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைக்கிற யோசனையிலும் விஷயம் இருக்கிறது. டார்ச்சின் வெளிச்சம் ஈட்டி மாதிரி ஒரே திக்கில் பாயும். சுவரில் அடித்தால் ஓர் இடம் கண் கூசும், மற்ற இடமெல்லாம் இருட்டு. அதையே வெள்ளைக் கூரையில் அடித்தால், கூரை அந்த வெளிச்சத்தை வாங்கி நாலா பக்கமும் பரப்பிக் கீழே அனுப்புகிறது. கூரையே ஒரு பெரிய விளக்காகிவிடுகிறது. கண் கூசாது. ஆளின் நிழல் கறுத்து விழாது. சிறு அறையில் சமைக்கலாம், சாப்பிடலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மண்ணெண்ணெய் விளக்கைவிட இது எவ்வளவோ மேல். திரி விளக்கு தரும் வெளிச்சம் சொற்பம். கக்குகிற புகையோ நெஞ்சை அடைக்கும். கவிழ்ந்தால் குடிசை சாம்பல். அந்த மண்ணெண்ணெய்க்குக் கொடுத்து வந்த மானியத்தையும் மத்திய சர்க்கார் சிறுகச் சிறுகக் குறைத்து, 2020-க்குள் முழுவதுமாகத் துடைத்துவிட்டது. ஆக, டார்ச் வந்தது நல்லதுதான். எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு, பழைய குண்டு பல்பு டார்ச் தின்ற அதே கட்டையில் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது என்பதும் மெய்தான்.

கருவி நல்ல கருவி. அதைக் காட்டி நமக்குச் சொல்லப்படும் நியாயம்தான் பித்தலாட்டம்!

வெள்ளைக் கூரை யாருக்கு இருக்கிறது?

“கூரையைப் பார்த்து நிமிர்த்தி வை” என்கிறார்களே, எந்தக் கூரையை?

சுண்ணாம்பு பூசிப் புதிதாக இருக்கும் வெள்ளைத் தளம், தன் மீது விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பி அனுப்பும். தென்னங்கீற்றும் பனையோலையும் வேய்ந்து, அடுப்புப் புகை ஏறிக் கறுத்துப்போன கூரை என்ன செய்யும்? நூற்றுக்குப் பத்துப் பங்கைத் திருப்பி அனுப்பினாலே அதிகம். மிச்சமெல்லாம் கீற்று குடித்துவிடும். கறுத்த ஓட்டுக்கூரைக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். மாடி வீட்டில் அறையை நிறைக்கிற அதே டார்ச், சேரிக் குடிசையில் கூரையில் ஒரு மங்கல் வட்டம் போட்டுவிட்டு நிற்கும்!

பார்த்தீர்களா தோழர்களே! டார்ச் ஒன்றுதான், கட்டை ஒன்றுதான், கொடுத்த காசும் ஒன்றுதான். வெளிச்சம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. தளம் போட்ட வீட்டுக்காரருக்குத் தோன்றிய யோசனை அவர் வீட்டில் பலிக்கிறது. உடனே அதை ஊருக்கே மருந்து என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார். நம் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

வெளிச்சம் எவ்வளவு கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தை லூமன் என்ற அளவால் அளக்கிறார்கள். வீட்டில் மாட்டும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமன் தரும். கட்டை போடுகிற சிறு டார்ச் 100 லூமன் தந்தாலே பெரிது. “ஆயிரம், இரண்டாயிரம்” என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கும் மலிவுச் சரக்குகள் பலவற்றில் அந்த எண்ணே புளுகு. உண்மையிலேயே அவ்வளவு தரக்கூடிய டார்ச்சும் சில நிமிஷங்களில் தலை கொதித்து, தன்னைத் தானே மங்கலாக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் கருகிப்போகும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இந்த மங்கலில் எத்தனை இரவு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார முடியும்? பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர், “இவன் குடிசையில் டார்ச் வெளிச்சத்தில் படித்தவன்” என்று மார்க்குப் போடுவாரா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி காசுக் கணக்கு. இதை ஒவ்வொரு தோழரும் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். உபதேசம் செய்கிறவர் வாயை அடைக்க இந்த ஒரு கணக்கே போதும்.

100 லூமன் வெளிச்சம் தரும் எல்.இ.டி. டார்ச் சுமார் ஒரு வாட் மின்சக்தியைத் தின்கிறது. மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை நான்கு மணி நேரம் எரித்தால் நான்கு வாட் மணி. சாதாரண விரல் பருமன் கட்டை ஒன்றில் இருப்பது ஏறத்தாழ ஒரு வாட் மணி. ஆக, ஓர் இரவுக்கு நான்கு கட்டை. கட்டை ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஓர் இரவுக்கு நாற்பது ரூபாய்! முப்பது நாளும் இப்படிக் கழிந்தால் ஆயிரத்து இருநூறு ரூபாய்!

அதே நான்கு வாட் மணியைக் கம்பி வழியாக வரும் மின்சாரத்தில் எடுத்தால் என்ன செலவு? ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் மணி. யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும், நான்கு வாட் மணிக்கு ஆவது இரண்டு பைசா!

ஒரு பக்கம் இரண்டு பைசா. மறுபக்கம் நாற்பது ரூபாய். இரண்டாயிரம் மடங்கு! வேறு விதமாகச் சொன்னால், கட்டையில் அடைத்த மின்சாரத்தை ஒரு யூனிட் வாங்க ஆயிரம் கட்டை வேண்டும், பத்தாயிரம் ரூபாய் வேண்டும். நாட்டிலேயே மிகமிக விலை உயர்ந்த மின்சாரத்தை, நாட்டிலேயே மிகமிகக் குறைந்த கூலி வாங்குகிறவன் தலையில் கட்டுகிறார்கள். கட்டிவிட்டு, “பார், எவ்வளவு சுலபமான வழி!” என்று தட்டிக் கொடுக்கிறார்கள். இதைவிட அக்கிரமம் உண்டா?

தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நல்லதுதான். ஆனால் கம்பியில் மின்சாரம் வராத நேரத்தில் இலவசத்துக்கு என்ன மதிப்பு? இலவசமாக வர வேண்டிய வெளிச்சத்தை அந்த நேரத்தில் நாற்பது ரூபாய் கொடுத்துத்தானே வாங்குகிறோம்!

சார்ஜ் ஏற்றுவது எங்கே?

“கட்டை வேண்டாம். சார்ஜ் ஏற்றுகிற டார்ச் வாங்கு. ஒரு முறை செலவு, பிறகு செலவே இல்லை” என்று அடுத்த பாணத்தை விடுவார்கள்.

ஒன்றிரண்டு மணி நேரம் மின்சாரம் போய் வருகிற இடத்துக்கு இது சரி. சார்ஜ் ஏற்றும் டார்ச்சுக்கு ஆகும் மின்சாரச் செலவு அற்பமே. ஆனால் அதன் தாய்ப்பால் எங்கிருந்து வருகிறது? சுவரில் உள்ள பிளக்கிலிருந்துதானே! பிளக் செத்துக் கிடந்தால் டார்ச்சும் இரண்டொரு இரவில் செத்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமம் கிராமமாக வாரக்கணக்கில் இருட்டு. அந்த இரவுகளில் சார்ஜ் டார்ச் என்ன செய்தது? ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்துச் செல்போனுக்கும் டார்ச்சுக்கும் சார்ஜ் ஏற்றிக்கொள்ள ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். குடிதண்ணீர்த் தொட்டிக்கு நீர் ஏற்றவே ஜெனரேட்டரைத் தேடினார்கள். கூரை பறந்த குடிசையில், “கூரையைப் பார்த்து நிமிர்த்தி வை” என்ற உபதேசத்தைச் சொல்ல எந்தக் கனவானும் அந்தப் பக்கம் வரவில்லை!

அந்த இருட்டை நீக்கியது யார்? தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்து, சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டு, கம்பி இழுத்த மின் தொழிலாளர்கள். அவர்களில் எத்தனையோ பேர் நிரந்தர வேலை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிகள். நம் வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தவனுக்கு அவன் வேலையில் நாளை உண்டா என்று தெரியாது!

டார்ச்சால் கதிர் சுற்றுமா?

வீட்டு அறையை விட்டு வெளியே வருவோம். மின்சாரம் என்றால் விளக்கு மட்டும்தானா?

2008-இல் தொடங்கிச் சில வருஷங்கள் தமிழ்நாட்டை மின்வெட்டு வாட்டியதை ஆலைத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012-இல் அது உச்சத்துக்குப் போயிற்று. தலைநகர் சென்னைக்கு அறிவித்த வெட்டு நாளுக்கு இரண்டு மணி நேரம். வெளி மாவட்டங்களுக்கோ பத்து மணி, பன்னிரண்டு மணி, சில நாட்களில் அதற்கும் மேல்! கோவையிலும் திருப்பூரிலும் மில்லும் விசைத்தறியும் பனியன் பட்டறையும் பாதி நேரம் முடங்கின. ஓடாத தறிக்குக் கூலி ஏது? வீட்டில் இருட்டு, சட்டைப்பையிலும் இருட்டு.

அன்றும் கடைத்தெருவில் அமோக வியாபாரம் நடந்தது. வசதி உள்ளவர் வீட்டில் இன்வெர்ட்டர். முதலாளியின் மில்லில் டீசல் ஜெனரேட்டர். தொழிலாளி வீட்டில் டார்ச். இருட்டுக்குக்கூட மூன்று வகுப்பு!

டார்ச்சால் கதிர் சுற்றுமா? தறி ஓடுமா? மோட்டார் தண்ணீர் இறைக்குமா? ஆஸ்பத்திரியில் மருந்து கெடாமல் குளிர்ப்பெட்டி ஓடுமா? கொசுவும் புழுக்கமும் தாங்காமல் அழுகிற கைக்குழந்தைக்கு மின்விசிறி சுழலுமா? இரவு முழுவதும் தூங்காமல் விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி, இயந்திரத்தின் முன்னே கண் செருகினால் கை போய்விடுமே, அதற்கு எந்த டார்ச் ஜவாப் சொல்லும்? யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

இன்று அந்த அளவு மின்வெட்டு இல்லை என்பது மெய். ஆனால் கோடைக்கால இரவில் மின்மாற்றி வெடித்தால் முதலில் எந்தத் தெருவுக்கு ஆள் போகிறது? புயலுக்குப் பிறகு எந்தப் பகுதிக்கு முதலில் கம்பம் வருகிறது? காலனிக்கும் சேரிக்கும் எப்போது வருகிறது? இந்தக் கேள்விகள் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நீலகிரியில் பைகாரா மின் நிலையம் 1930-களின் தொடக்கத்தில் மின்சாரம் தர ஆரம்பித்தது. அந்த மின்சாரத்தில்தான் கோவையின் பஞ்சாலைகள் ஒன்று பத்தாகப் பெருகின. மலையைக் குடைந்தவன் தொழிலாளி, கம்பி இழுத்தவன் தொழிலாளி. மில்லின் கதிருக்கு மின்சாரம் வந்த பிறகும் அந்த மில் தொழிலாளியின் வீட்டுக்கு விளக்கு வர எத்தனை காலம் ஆயிற்று! இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றக் கேட்டுப் போராடிய மக்களிடம், இப்போது டார்ச்சை நீட்டி, “பழைய இடத்துக்கே போ” என்கிறார்கள்.

இருட்டிலே கொழுத்தவர்கள்

இருட்டு நமக்குத் துன்பம். சிலருக்கு அது சந்தை.

இந்தியக் கிராமங்களில் டார்ச் லைட் என்றாலே எவரெடி என்று பெயர் சொன்ன காலம் உண்டு. அந்தக் கட்டையை விற்ற கம்பெனி எது தெரியுமா? யூனியன் கார்பைடு. மின்கம்பி போகாத லட்சோபலட்சம் வீடுகளில் கட்டை விற்று வேரூன்றிய அதே கம்பெனியின் போபால் பூச்சிமருந்து ஆலையிலிருந்துதான், 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் விஷவாயு கிளம்பி, தூங்கிக்கொண்டிருந்த ஏழை ஜனங்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. பத்து வருஷம் கழித்து, 1994-இல், கம்பெனியின் பெரும்பங்கு கைமாறியது. பெயர்ப் பலகையும் மாறியது. இருட்டில் சம்பாதித்த காசுக்கு இரக்கம் இருந்ததில்லை.

வெளிச்சத்தைக் கண்டுபிடித்தவன் கதையையும் கேளுங்கள். இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு அடிப்படை, நீல நிற ஒளி தரும் எல்.இ.டி. ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஷூஜி நகமுரா என்பவர் 1990-களின் தொடக்கத்தில் அதைப் பிரகாசமாக எரிய வைத்துக் காட்டினார். கம்பெனி அவருக்குக் கொடுத்த வெகுமானம் 20,000 யென்! கம்பெனியோ கோடி கோடியாக அள்ளியது. அவர் 2001-இல் வழக்குப் போட்டார். 2004-இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மேல் முறையீட்டில், 2005-இல், சுமார் 84 கோடி யென்னில் வழக்கு ராஜியாக முடிந்தது. 2014-இல் அவருக்கும் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. படித்த விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால், கறுப்புப் பொடி படிந்த கையோடு பாட்டரித் தொழிற்சாலையில் நிற்கும் கூலித் தொழிலாளியின் கதி என்ன? அந்தக் கட்டையில் அடைக்கிற மாங்கனீஸ் பொடி வருஷக்கணக்கில் மூச்சில் ஏறினால் நரம்பைக் கெடுக்கும் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம்.

ஆக, கட்டை வாங்குகிறவனும் தொழிலாளி, அதைச் செய்து நோய் வாங்குகிறவனும் தொழிலாளி. லாபம் மட்டும் வேறொருவன் வீட்டில் விளக்கேற்றுகிறது.

மின்சாரமே இந்தப் பாதையில் போகட்டும் என்பதுதான் முதலாளி வர்க்கத்தின் ஆசை. 2022 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மின்சாரத் திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார்கள். ஒரே பகுதியில் பல கம்பெனிகள் விநியோகத்துக்கு வரலாம் என்பது அதன் சாரம். நாடெங்கும் மின் ஊழியர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மசோதா நிலைக்குழுவுக்குப் போயிற்று. லாபக் கணக்குப் பார்க்கிற கம்பெனி, கம்பம் சாய்ந்த குக்கிராமத்துக்கு ஓடோடி வருமா? “டார்ச் வாங்கிக்கொள்” என்ற உபதேசத்தைத்தான் அச்சடித்து அனுப்பும்!

டார்ச் இருக்க வேண்டிய இடம்

சக்தி வாய்ந்த டார்ச் இருக்க வேண்டிய முதல் இடம், மின்கம்பத்தில் ஏறுகிறவனின் தலை. கொட்டும் மழையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து வேலை செய்கிற தொழிலாளியைக் கண்டவர்கள் நம்மில் பலர். அவனுக்குத் தலையில் மாட்டுகிற நல்ல விளக்கும், கையுறையும், இடுப்புவாரும் வாரியத்தின் செலவில் கொடுக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒதுக்கக்கூடாது.

இரண்டாவது இடம் வயல். இரவில் மோட்டார் போட ஆளை அனுப்புகிற நிலச்சொந்தக்காரர், டார்ச்சும் கட்டையும் வாங்கிக் கொடுக்க வேண்டும். வேலைக்கு வேண்டிய கருவியைக் கூலியிலிருந்து வாங்கு என்பது நியாயம் ஆகாது.

மூன்றாவது இடம் ஆலை. மின்சாரம் நின்று ஜெனரேட்டர் பிடிக்கும் வரை உள்ள நிமிஷங்களில், செல்போன் வெளிச்சத்தில் இயந்திரத்துக்குள் கைவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொழிலாளி வேலை செய்யும் இடத்திலும் நடக்கும் இடத்திலும் போதிய வெளிச்சம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 17-ஆவது பிரிவில் விதித்தது. அந்தச் சட்டத்தை 2020-இல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்தார்கள். சட்டத்தின் பெயர் கரையலாம். வெளிச்சம் தர வேண்டிய முதலாளியின் கடமை கரையாது.

இன்றிரவுக்கும் நாளைக்கும்

கோரிக்கை வெல்லும் வரை இருட்டில் உட்கார்ந்திரு என்று நாம் சொல்ல மாட்டோம். கையில் உள்ள டார்ச்சைச் சிக்கனமாகவும் பத்திரமாகவும் பயன்படுத்துங்கள்.

கீற்றுக் கூரை வீட்டில் ஒரு வெள்ளை வேட்டியை நான்கு முனையும் இழுத்துக் கூரைக்கு அடியில் விதானம் போலக் கட்டுங்கள். டார்ச்சைத் தரையில் நிமிர்த்தி அந்த வேட்டியைப் பார்த்து வையுங்கள். கறுத்த கீற்று குடிக்கும் வெளிச்சத்தை வெள்ளைத் துணி திருப்பிக் கொடுக்கும். வெள்ளையடித்த சுவர் மூலையில் அடித்தாலும் பலன் உண்டு.

பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்தே எரியுங்கள். வெளிச்சத்தைக் கால் பங்காகக் குறைத்தாலும் கண்ணுக்குப் பாதிக்கு மேல் தெரியும். கட்டையோ நான்கு மடங்கு நேரம் வரும்.

சக்தி வாய்ந்த டார்ச்சின் தலை சுடும். எரிகிற டார்ச்சைத் துணியின் மீதும் பாயின் மீதும் கவிழ்த்து வைக்காதீர்கள். குழந்தையின் கண்ணில் அடிக்க விடாதீர்கள். பழைய கட்டையோடு புதுக் கட்டையைச் சேர்க்காதீர்கள். கசிந்த கட்டையை உடனே எடுத்துவிடுங்கள். சார்ஜ் ஏற்றும் கட்டை உப்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடாதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும்.

இது இன்றிரவுக்கு. நாளைக் காலையில் சங்கக் கூட்டத்திலும் ஊர்க் கூட்டத்திலும் பேச வேண்டியது வேறு.

மின்வெட்டு தவிர்க்க முடியாதது என்றால் நகரத்துக்கும் கிராமத்துக்கும், மாடிக்கும் குடிசைக்கும் ஒரே நேர அளவாக இருக்கட்டும். நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கட்டும்! புயல் எச்சரிக்கை வந்தவுடன் அரிசி, மண்ணெண்ணெயோடு வெயிலில் சார்ஜ் ஏறும் விளக்கு ஒன்றையும் குடும்பத்துக்குக் குடும்பம் சர்க்கார் வழங்கட்டும்! காலியாகக் கிடக்கும் மின்வாரிய இடங்களை நிரப்பி, கம்பம் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்கட்டும்! பழுது பார்க்கும் வரிசையில் காலனியும் சேரியும் கடைசி என்ற வழக்கத்தை ஒழிக்கட்டும்!

மனுவை எழுதுங்கள். கையெழுத்து வாங்குங்கள். மின்சாரம் எந்தத் தேதியில் போயிற்று, எத்தனை மணி நேரம் கழித்து வந்தது, அந்த வாரம் கட்டைக்கு எவ்வளவு செலவாயிற்று என்று வீட்டுக்கு வீடு குறித்து வையுங்கள். அடுத்த முறை மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் டார்ச் உபதேசத்தை ஆரம்பித்தால், அந்த நோட்டை அவர் முன்னே விரித்துப் போடுங்கள். இரண்டு பைசா வெளிச்சத்துக்கு நாற்பது ரூபாய் கொடுத்த கணக்குக்கு அவரே ஜவாப் சொல்லட்டும்!

டார்ச் நம் கையில் இருக்கட்டும். கம்பியில் மின்சாரம் வந்தே தீர வேண்டும்!